ரொம்பப் பத்திரமான இடம்

எங்கள் வீட்டில் நகவெட்டி வேண்டுமென்றால் முதலில் அண்ணியைக் கூப்பிட வேண்டும். அலமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின், டின்னுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் ஜிப் வைத்த ஒரு பை, பைக்குள் நகவெட்டி. "இது கைக்கு வர்றதுக்குள்ள நகம் இன்னும் கொஞ்சம் வளந்துடுது" என்று அண்ணன் ஒருமுறை புலம்பினார். அண்ணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பொருளும் வெளியே கிடக்கக் கூடாது என்பது அவர் கட்சி. வெளியே கிடந்தால் யாராவது எடுப்பார்கள், எடுத்தால் கண்ட இடத்தில் வைப்பார்கள், அப்புறம் வீடு முழுக்கத் தேட வேண்டும். இதில் 'யாராவது' என்பது பெரும்பாலும் அண்ணனும் நானும்தான்.

அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறார். நான் அவருடைய தங்கை, அதே மாடியில் எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். ஒரு பல் டாக்டரிடம் முன் மேஜையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்வது என் வேலை. நாள் முழுக்கப் பொறுமையாகப் பேசிவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்ததும் என் நாக்கு நீண்டுவிடும். அண்ணி எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. அண்ணன் எழுதினால் "நல்லவ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

அண்ணி வீட்டிலேயே தைக்கிறார். ஆனால் வாசலில் வந்து "ஒரு சட்டை தைக்கணும்" என்று கேட்கிற எல்லோருக்கும் தைத்துக் கொடுத்துவிட மாட்டார். "உங்களுக்குக் கடையிலேயே நல்லதா கிடைக்குமே" என்று அனுப்பிவிடுவார். கடையில் கிடைக்காத உடம்புகளுக்குத்தான் அவர் தைப்பது. ஒரு தோள் இறங்கியவர்கள், ஒரு கை குட்டையானவர்கள், சக்கர நாற்காலியிலேயே இருப்பவர்கள். உட்கார்ந்தே இருக்கிற மனிதருக்கு நிற்கிறவருக்கான பேன்ட்டைப் போட்டுவிட்டால், பின்னால் இடுப்பை விட்டு இறங்கும், முன்னால் வயிற்றில் மடிந்து குத்தும். அண்ணி சொல்லும் வரை எனக்கு இது தோன்றியதே இல்லை. அவர் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கணக்கு வாத்தியார், "இன்னிக்குத்தான் நான் உக்காந்திருக்கேன். இத்தனை நாளும் மாட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். அண்ணிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு ரெடிமேட் ஃபாக்டரியில் பேட்டர்ன் போடும் பிரிவில் இருந்தார். பேட்டர்ன் என்றால், துணியை வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் போடுகிற வடிவம். முன்பக்கம், முதுகு, கை, காலர் எல்லாம் தனித்தனித் துண்டாக இருக்கும். அந்த ஃபாக்டரியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவு. ஊரில் உள்ள அத்தனை பேரும் அதற்குள் அடங்கிக்கொள்ள வேண்டியதுதான். "அந்த மூணுல எதுவும் எங்கம்மாவுக்குச் சேராது. அப்பவே எனக்கு அந்த இடத்து மேல ஒரு கோவம்" என்பார். ஃபாக்டரியை மூடியபோது சாமான்களை விற்றார்கள். மற்றவர்கள் மின்விசிறியும் இரும்பு அலமாரியுமாக அள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணி மட்டும் பேட்டர்ன் போடுகிற பழைய கம்ப்யூட்டரை வாங்கி, வாடகைக் காரின் பின் சீட்டில் அதைக் கட்டிப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவருடைய உயிர் இருக்கிறது. நான் மிகைப்படுத்தவில்லை. அதில் பேட்டர்ன் வரைகிற ஒரு புரோகிராம். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. மறுபடி போட டிஸ்க்கும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. அதில் வரைந்ததை வேறு எந்தப் புரோகிராமிலும் திறக்கவும் முடியாது. ஆக, வரைந்தவற்றை மட்டும் காப்பி எடுத்து வைப்பது, பூட்டைத் தொலைத்துவிட்டு சாவியைப் பத்திரப்படுத்துகிற கதைதான். தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரர்தான் இதற்கு வழி சொன்னார்.

"தனியா எதுவும் வாங்க வேணாம் அக்கா. கம்ப்யூட்டர்லயே பேக்கப் இருக்கு. அதுல சிஸ்டம் இமேஜ்னு எடுங்க. புரோகிராம், செட்டிங்ஸ், உங்க பைலு எல்லாத்தையும் இன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே மொத்தமா வெளி டிஸ்க்ல எடுத்து வச்சுக்கும். உள்ள இருக்கிற டிஸ்க் என்னிக்காவது செத்துப் போச்சுன்னா புதுசு ஒண்ணு போட்டு அப்படியே இறக்கிக்கலாம். எழுப்பி விடறதுக்கு ஒரு பென் டிரைவும் ரெடி பண்ணி வச்சுக்கங்க."

அன்றிலிருந்து மாதம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேக்கப் நாள். காலையிலேயே அண்ணி மேஜையைத் துடைப்பார், தலையை அள்ளி முடிவார், வெளி டிஸ்க்கைச் செருகுவார். அது முடியும் வரை அந்தப் பக்கம் யாரும் நடமாடக் கூடாது. வயரில் கால் பட்டுவிடுமாம். "உள்ள ஆபரேஷன் நடக்குது, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வா" என்று அண்ணன் வாசலிலேயே என்னிடம் கிசுகிசுப்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "அண்ணி, உங்களையும் ஒரு இமேஜ் எடுத்து வைக்கலாமா? உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா எங்களுக்கு நகவெட்டி கிடைக்காதே" என்பேன். "போடி பட்டாசு" என்று ஒரு நூல்கண்டு பறந்து வரும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்றே தைத்த பஞ்சு வைத்த உறையில் போட்டு, உறையை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்.

இனி சிட்டுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓயாமல் பேசுவதால் அண்ணி வைத்த பெயர் அது. முதல்முதலாக வந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வாயே திறக்கவில்லை. அவளுக்கு முதுகு ஒரு பக்கமாக வளைந்து, வலது தோளுக்குக் கீழே மேடாக எழும்பியிருக்கும். அதற்கு முன் போன தையல்கடையில் அளவெடுத்தவன், "இது டேப்புக்கு அடங்காதும்மா" என்று சிரித்து, உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். அந்த ஆள் மட்டும் பல்வலி என்று எங்கள் கிளினிக்குக்கு வந்தால் அவனைச் சாயங்காலம் வரை வெயிட் பண்ண வைப்பேன். அண்ணி டேப்பை எடுத்ததுமே அந்தப் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டது. கண்ணை மூடியபடியே அழுதது. முதுகின் வளைவு சரியாக வர ஒரு தடவை அளந்தால் போதாது. வைத்துப் பார்த்து, பிரித்து, மறுபடி அளந்து, மறுபடி தைத்து. அத்தனை தடவையும் அது அழுதது. கடைசியில் பள்ளிக்கூடச் சட்டை சுருக்கமில்லாமல், கீழ் விளிம்பு ஒரே நேராக உட்கார்ந்த அன்று அண்ணி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து சொன்னார்:

"இங்க பாரு. உன் முதுகு இப்ப என் கம்ப்யூட்டர்ல இருக்கு. இனிமே உன் முதுகுல நான் டேப்பே வைக்க மாட்டேன். இது சத்தியம்."

சொன்னபடியே நடந்தார். சிட்டு வளர வளர, "இங்க பிடிக்குதுக்கா, இங்க தொளதொளன்னு இருக்கு" என்று வாயால் சொல்வாள். அண்ணி கண்ணால் பார்த்து, கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்துவார். டேப் வராது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு வாய் திறந்தது. திறந்த வாய் பிறகு மூடவே இல்லை. எப்போதும் அண்ணியின் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் டேப், சிட்டு வருகிற நாளில் மட்டும் கழுத்தில் இருக்காது. அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கும்போதே அது எங்கேயாவது ஒரு டப்பாவுக்குள் போய்விடும்.

போன மாதம் சிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஒரு பெரிய ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்துவிட்டது. கரு நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை. ஹோட்டலில் கொடுத்த கோட்டை அவள் போட்டுக் காட்டினாள். முதுகில் தூக்கிக்கொண்டு, முன்னால் காலர் கழுத்தை நெரித்தது. அவர்களே துணியைக் கொடுத்து, வெளியே தைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

"திங்கக்கிழமை சேரணும்க்கா. வாசல்ல முத ஆளா நான் நிக்கப் போறேன், வர்றவங்க எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க. நல்லா இருக்கணும்."

"நல்லா இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து போட்டுப் பாரு" என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் செத்துப்போனது. காலையில் கோட்டுக்கான பேட்டர்னை வரைந்து முடித்துவிட்டு, சாப்பிட்டு வந்து பிரின்ட் எடுக்கலாம் என்று அண்ணி எழுந்து போயிருக்கிறார். திரும்பி வந்தால் கறுப்புத் திரை, டக் டக்கென்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர்காரர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டிஸ்க் போயிடுச்சு அக்கா. பேக்கப் இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு" என்றார் அண்ணி. அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் நாங்கள் செய்த கேலிக்கெல்லாம் சேர்த்து வைத்த பதில் அது.

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர்காரர் புது டிஸ்க்கை மாட்டிவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பினார். அதற்குமேல் அண்ணிக்கு ஆள் தேவையில்லை. எனக்கு லீவு என்பதால் நானும் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணி அலமாரியைத் திறந்து, டப்பாவைத் திறந்து, உறையைத் திறந்து, வெளி டிஸ்க்கை எடுத்தார். பென் டிரைவைச் செருகி கம்ப்யூட்டரை எழுப்பினார். எழுந்தது. ரெக்கவரி என்று ஒரு பக்கம் வந்தது. அதில் சிஸ்டம் இமேஜை இறக்கும் இடத்தை அழுத்தினார். அது கொஞ்ச நேரம் தேடியது. பிறகு, இந்தக் கம்ப்யூட்டரில் சிஸ்டம் இமேஜ் எதுவும் கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது.

வயரைக் கழற்றி மறுபடி செருகினோம். வேறு ஓட்டையில் செருகினோம். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்பினோம். ஒவ்வொரு தடவையும் அதே பதில். அண்ணி கடைசியில் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பழைய சட்டை ஒண்ணைப் பிரிச்சு அதை வச்சு வரைய முடியாதா அண்ணி?" என்று கேட்டேன்.

"சட்டை வேற, கோட்டு வேற. கோட்டுக்கு உள்துணி இருக்கு, தோள்ல பஞ்சு இருக்கு. அவ முதுகோட மூலப் பேட்டர்ன் இல்லாம கோட்டு வராது."

"அப்ப என்ன பண்றது?"

அண்ணி போனை எடுத்தார். "அவளை வரச் சொல்லணும். வந்து அளவு குடுத்துட்டுப் போகச் சொல்லணும். ஒரு தடவை பத்தாது. இன்னிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, நாளைக்கும்…" என்றவர் நிறுத்திக்கொண்டார். "நான் அந்தப் பிள்ளைக்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டி."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை. போனில் சிட்டுவின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். திங்கட்கிழமை புது வேலைக்குப் போக வேண்டிய பெண்ணைக் கூப்பிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டு நில் என்று சொல்லப் போகிறோம். என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எது தாங்க முடியாமல் போனாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"போனை வைங்க! மாசா மாசம் ஊரையே அடக்கி வச்சுட்டு எடுத்தீங்களே, அது எங்க போச்சு? குடுங்க அந்த டிஸ்க்கை!" என்று பிடுங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய் என் லேப்டாப்பில் செருகினேன். அண்ணி பின்னாலேயே வந்து வாசலில் நின்றார், உள்ளே வரப் பயந்தவர் போல.

டிஸ்க்கைத் திறந்தேன். அண்ணன் பஸ்ஸில் போடுவதற்கு ஏற்றி வைத்த பாட்டுகள் ஒரு ஃபோல்டரில் இருந்தன. அதற்குப் பக்கத்தில் 'பத்திரம்' என்று இன்னொன்று. அதைத் திறந்தால் உள்ளே 'ரொம்பப் பத்திரம்' என்று ஒன்று. அதைத் திறந்தால் 'கம்ப்யூட்டர்' என்று ஒன்று. அதையும் திறந்தால், அங்கே உட்கார்ந்திருந்தது பேக்கப். அந்த மாதத்துத் தேதியோடு, முழுசாக, சேதாரமில்லாமல்.

"அண்ணி, இதை யாரு இங்க கொண்டு வந்து வச்சது?"

"நான்தான். ஒவ்வொரு மாசமும் எடுத்து முடிச்சதும் உள்ள தள்ளி வச்சிருவேன். அது பாட்டுக்கு முன்னாடியே அநாதையா கிடக்கும். உங்கண்ணன் பாட்டு ஏத்தறேன்னு எதையாவது அழிச்சு வச்சார்னா?"

நான் உடனே கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது.

"மூணு ஃபோல்டருக்கு உள்ளயா? அது எப்படித் தேடும்மா? பேக்கப் எங்க எழுதுச்சோ அங்கயே, முன்னாடியே இருக்கணும். ரெக்கவரி அந்த ஒரு இடத்துல மட்டும்தான் பாக்கும். அப்படியே வெளிய எடுத்து வச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க."

இதற்குள் அண்ணன் காலை டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னதும் அவர் நிதானமாகத் தொப்பியைக் கழற்றி என் மேஜை மேல் வைத்தார்.

"ஸ்டாப்புல நின்னாத்தானே பஸ் நிக்கும். வீட்டுக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டு உக்காந்தா டிரைவர் வந்து கதவைத் தட்டுவானா?" என்றார்.

"உங்க பாட்டாலதான் இவ்வளவும்" என்றார் அண்ணி. அவருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நான் அந்தப் பேக்கப்பை 'கம்ப்யூட்டர்' ஃபோல்டரிலிருந்தும் ரொம்பப் பத்திரத்திலிருந்தும் பத்திரத்திலிருந்தும் வெளியே இழுத்து, அண்ணனின் பாட்டுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். அண்ணிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. துணி உலர்த்தும் கம்பியில் உள்ளாடை தொங்குவதைப் பார்த்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி வீட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி பென் டிரைவ், மறுபடி ரெக்கவரி. இந்தத் தடவை அது தேடக்கூட இல்லை. இதோ இருக்கிறது, இந்தத் தேதியில் எடுத்தது, இதை இறக்கட்டுமா என்று அதுவே கேட்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று அழுத்தினார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. ஆமை கூட அதைத் தாண்டிப் போயிருக்கும். அண்ணன் ரொட்டியில் ஆம்லெட் வைத்துக் கொண்டுவந்தார். அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறக்க, அண்ணன் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணன் ஊட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை இருவரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ஒருமுறை அணைந்து எழுந்தது. அண்ணியின் பழைய திரை, அதே படம், அதே இடத்தில் அதே புரோகிராம். திறந்தார், திறந்தது. பெயர் வரிசையில் இறங்கி ஒன்றை அழுத்தினார். வெள்ளைத் திரையில் கறுப்புக் கோடாக, ஒரு பக்கம் மேலே எழும்பி வளைந்து கீழே நேராக இறங்கும் அந்த முதுகு வந்து நின்றது.

"வந்துட்டா" என்றார் அண்ணி. திரையில் அந்த வளைவின் மேல் விரலை வைத்துத் தடவினார். "வந்துட்டாடி." அப்போதுதான் அழுதார். நானும்தான் அழுதேன், எதற்கு மறைப்பது. அண்ணன் தட்டைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

பேக்கப்புக்குப் பிறகு வரைந்த கோட்டுப் பேட்டர்ன் போனது போனதுதான். ஆனால் மூலம் இருக்கும்போது கோட்டு வரைவது அண்ணிக்குப் பெரிய காரியமில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வரைந்து முடித்துவிட்டார். எங்கள் பிரின்டர் சின்னது. கோட்டின் முதுகு ஒன்றே பல தாள்களாகப் பிரிந்து வரும். ஓரத்துக் குறியோடு குறி சேர்த்து ஒட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் பரப்பி மூவரும் ஒட்டினோம். அண்ணன் ஒட்டியது கோணிப்போய், "நீங்க பஸ் ஓட்டறதே இப்படித்தானா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தையல் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் அண்ணி ஒரு புது பேக்கப் எடுத்தார். எடுத்து முடித்ததும் அதை உள்ளே தள்ளிவைக்க அவர் கை துறுதுறுத்ததை நான் பார்த்தேன். மவுஸ் அதன் மேல் போய் நின்றது.

"அண்ணி!"

"பாக்கத்தான்டி செஞ்சேன்" என்று கையை எடுத்துக்கொண்டார். ஃபோல்டர் வெளியிலேயே இருந்தது. டிஸ்க்கை மட்டும் வழக்கம்போல உறைக்குள் போட்டு, டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்ல முடியாது.

சாயங்காலம் மாடிப்படியில் சத்தம் கேட்டதும் அண்ணியின் கழுத்திலிருந்த டேப் மறைந்தது. சிட்டு வந்தாள், நின்றபடியே ஹோட்டல் கதை அத்தனையும் சொன்னாள், எங்கள் வீட்டில் நடந்த கூத்து எதையும் நாங்கள் சொல்லவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றாள். பேச்சு நின்றது.

முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. கோட்டின் கீழ் விளிம்பு மேஜை ஓரம் போல நேராக இருந்தது. அவள் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு பக்கம், மேடு இருக்கிற பக்கம், அங்கேயும் தயங்காமல் திரும்பி நெடுநேரம் பார்த்தாள். "நான்தானாக்கா இது?" என்றாள்.

பிறகு முன்பக்கப் பட்டனைப் போடப் பார்த்தாள். போட முடியவில்லை. மூச்சை இழுத்துப் போட்டாள், போட்ட பட்டன் வெடிக்கிற மாதிரி நின்றது.

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. முதலில் சிரித்தது சிட்டுதான்.

"வேலை கிடைச்சதுல இருந்து எங்கம்மா மூணு வேளையும் விருந்து வைக்கிறாங்கக்கா. தொப்பை போட்டுடுச்சு!"

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று அண்ணி அவசரமாக அவள் முன்னால் குனிந்தார். "ஓரத்துல துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். எவ்வளவு விடணும்னு கண்ணாலயே பாத்துடறேன். நீ சும்மா நில்லு."

"கண்ணால எதுக்குக்கா பாக்கறீங்க? டேப் எடுத்து அளங்க."

அண்ணி குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார்.

சிட்டு கோட்டைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினாள். கண்ணை மூடவில்லை. "முன்னாடி அளந்துட்டு அப்படியே முதுகையும் அளந்துக்கங்க. எத்தனை வருஷமா பழசையே நகத்தி நகத்தி வச்சிருக்கீங்க. புதுசா ஒண்ணு போட்டு வச்சுக்கங்க."

அண்ணி எழுந்தார். நிறைந்த கண்களைத் தோளில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு டப்பா. டின் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"என்னம்மா தேடறே?" என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

"டேப்பைத்தாங்க! இப்பத்தான் வச்சேன்…"

நானும் அண்ணனும் உள்ளே ஓடினோம். அலமாரி, டின், உறை, நூல் டப்பா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நகவெட்டி கூடக் கிடைத்தது, டேப் கிடைக்கவில்லை. கூடத்தில் சிட்டு தூக்கிய கையை இறக்காமல் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கை வலிக்குது. சீக்கிரம் வந்து அளங்க!"

"இரு கண்ணு, பத்திரமாத்தான் வச்சிருக்கேன்" என்று அண்ணி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அடுத்த டப்பாவைத் திறந்தார்.